பத்துப் பத்தும் பஞ்சாங்கமும்

வாட்ச் விளம்பரத்தில் மணி எப்போதும் பத்துப் பத்து என்பது இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். வாட்ஸ்அப்பில் வருகிறது. கூடவே காரணமும் வந்துவிடுகிறது: ஆபிரகாம் லிங்கன் செத்த நேரமாம், கடிகாரத்தைக் கண்டுபிடித்தவர் கண்மூடிய நேரமாம். லிங்கனைச் சுட்டது 1865 ஏப்ரல் 14 இரவு பத்தேகால் வாக்கில். உயிர் பிரிந்தது மறுநாள் காலை 7:22-க்கு. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் காந்தியைச் சுட்ட நேரம் என்றே ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார். காந்தியைச் சுட்டது சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல். அது கிடக்கட்டும், சாவு விழுந்த நேரத்தை வைத்து எந்த வியாபாரி கடை விரிப்பான்?

சென்னையில் நாற்பது வருஷத்துக்குக் கிட்டே விளம்பரத்துக்காகப் பொருட்களைப் படம் பிடித்துப் பிழைத்தவன் நான். குக்கர், சோப்பு, நகை, பேனா என்று எல்லாம் வந்து போகும். மேஜையை விட்டு இறங்காமல் நின்றது வாட்ச்தான்.

தொழிலுக்கு வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில், எல்டாம்ஸ் ரோடு பக்கம் ஒரு ஸ்டூடியோவில் உதவியாளனாக. லைட் ஸ்டாண்டு தூக்குவது, டீ வாங்கி வருவது, படம் எடுக்க வேண்டிய சாமானைத் துடைத்து வைப்பது. வாட்ச் இருக்கும் நாளில் முதலாளி வேறு வேலை ஒத்துக்கொள்ள மாட்டார். முள்ளைப் பத்துப் பத்தில் வை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "பேர் தெரியுதா பாரு" என்பார், அவ்வளவுதான். கம்பெனிப் பேர் பெரும்பாலும் பன்னிரண்டுக்குக் கீழே இருக்கும். தேதி ஜன்னல் மூன்றுக்குப் பக்கத்தில். ஆட்டோமேட்டிக், குவார்ட்ஸ், இத்தனை ஜூவல் என்கிற பெருமையெல்லாம் ஆறுக்கு மேலே. மூன்றையும் தொடாமல் இரண்டு முள்ளும் எங்கே போய் நிற்கும்? சாமி படத்துக்கு இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்தது போல, பேருக்கு அந்தப் பக்கம் ஒன்று இந்தப் பக்கம் ஒன்று. வாட்ச் படத்தில் இருக்கும் நேரம் உண்மையில் இடப் பிரச்சினை. டயலில் யாருக்கு இடம், யார் ஒதுங்க வேண்டும் என்ற பஞ்சாயத்து. இதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதெல்லாம் இந்தப் பஞ்சாயத்தின் கிளை வழக்குகள்தான்.

ஒன்று ஐம்பதிலும் இதே கோலம் கிடைக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. கிடைக்கும், பெரிய முள் இடப்பக்கம் போய்விடும். நீளக் கோடு வலப்பக்கம் ஏறினால்தான் கண்ணுக்கு உற்சாகம் என்பது முதலாளியின் கட்சி. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. எல்லாரும் வைக்கிறார்கள், நாமும் வைக்கிறோம் என்பதுதான் பாதிக் காரணம் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் எல்லாக் காலத்திலும் பத்துப் பத்து இருந்ததில்லை. மூர்மார்க்கெட்டில் பழைய பத்திரிகைகளைக் கட்டுக் கட்டாக வாங்கி விளம்பரங்களை வெட்டி வைப்பது எனக்கு ஒரு பைத்தியம். அதில் எட்டு இருபது காட்டும் கடிகாரங்கள் நிறையக் கிடைத்தன. அமெரிக்காவில் ஹாமில்டன் கம்பெனி 1926-லேயே பத்துப் பத்துக்கு மாறிவிட்டது. ரோலெக்ஸ் 1940-களின் தொடக்கத்தில். டைமெக்ஸ் 1953-ல்கூட ஒரு மாடலை எட்டு இருபதிலும் இன்னொன்றைப் பத்துப் பத்திலும் காட்டிக்கொண்டிருந்தது. எட்டு இருபதிலும் பேர் மறையாது. மேல்பாதி முழுக்கக் காலி. ஆனால் முள் இரண்டும் தொங்கிப்போய் டயலே அழுமூஞ்சியாகத் தெரியும். பத்துப் பத்து சிரித்த முகம். 2017-ல் ஜெர்மனியில் உளவியல் ஆய்வாளர்கள் ஆட்களை உட்கார வைத்துப் படம் காட்டிச் சோதித்துப் பார்த்தார்கள். பத்துப் பத்து காட்டிய வாட்ச் பார்ப்பவர்களுக்குச் சந்தோஷத்தையும் வாங்கும் ஆசையையும் கூட்டியது, எட்டு இருபதுக்கு அந்த மாதிரி எந்த விளைவும் இல்லை என்று வந்தது. எங்கள் முதலாளி இருந்திருந்தால் "இதுக்கு ஒரு ஆராய்ச்சியா" என்று கேட்டிருப்பார்.

பத்துப் பத்து என்று வாய்தான் சொல்லும். கை அங்கே வைக்காது. சரியாகப் பத்தாவது நிமிஷத்தில் வைத்தால் பெரிய முள் இரண்டாம் எண்ணின் மேல் போய்ப் படுத்து அதை மறைத்துவிடும். இரண்டு முள்ளும் பன்னிரண்டிலிருந்து சரிசமமாக விலகி நிற்கும் நேரம் 10 மணி 9 நிமிஷம் 14 வினாடி. பெரிய முள் நிமிஷத்துக்கு 6 டிகிரி, சின்ன முள் அரை டிகிரி. பேப்பரும் பென்சிலும் இருந்தால் போட்டுப் பார்க்கலாம். அதை ஒட்டித்தான் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு நேரம் வைத்திருக்கிறது. டைமெக்ஸ் 10:09:36. சிட்டிசன் 10:09:35. சீகோ 10:08:42. ரோலெக்ஸ் 10:10:31. வினாடி முள் ஏழு, எட்டுப் பக்கமாகக் கீழே இறங்கினால் மூன்று முள்ளும் மூன்று திசைக்கு விரிந்து நிற்கும். டயல் நிறைந்து தெரியும்.

இதைக் காகிதத்தில் சொல்வது சுலபம். மேஜைக்கு வந்தால், முள்ளை வைக்கும் வேலை எனக்குத் தெரிந்ததல்ல. அதற்கு ரத்தன் பஜாரிலிருந்து ஒரு பாய் வருவார். வாட்ச் ரிப்பேர்காரர். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, சாமணத்தை இடது உள்ளங்கையில் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டுத்தான் உட்காருவார். குவார்ட்ஸ் வாட்சில் ஒரு சிக்கல் உண்டு. குமிழை வெளியே இழுத்தால் வினாடி முள் நின்றுவிடும். ஆனால் குமிழ் வெளியே நீட்டிக்கொண்டு படத்தில் அசிங்கமாகத் தெரியும். உள்ளே தள்ளினால் ஓட ஆரம்பித்துவிடும். பாய் வினாடி முள் ஏழைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். டக்கென்று குமிழை இழுப்பார். முள் நிற்கும். பிறகு நிமிஷத்தைத் திருப்புவார். பின்மூடியைத் திறந்து பேட்டரியை எடுத்துவிட்டுக் கடைசியில் குமிழை உள்ளே அமுக்குவார். அமுக்கும்போது பெரிய முள் ஒரு மயிரிழை நகரும். அந்த மயிரிழையை முன்கூட்டியே கணக்குப் பண்ணித்தான் திருப்பியிருப்பார். எந்தப் பக்கம் நகரும் என்பது வாட்சுக்கு வாட்ச் மாறும். ஒரு தடவை அமுக்கிப் பார்த்தால் அவருக்குப் பிடிபட்டுவிடும்.

அவர் கற்றுக்கொடுத்த இன்னொன்று எந்த விளம்பரப் பாடத்திலும் இல்லாதது. தேதி காட்டும் வாட்ச் என்றால், வைக்கிற பத்து மணி பகல் பத்தா ராத்திரிப் பத்தா என்று பார்க்க வேண்டும். முகத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். உள்ளே இருக்கும் பல்சக்கரத்துக்கு ஒன்றில்லை. ராத்திரிப் பத்து என்றால் பல வாட்சுகளில் தேதித் தட்டு நகரத் தொடங்கியிருக்கும். ஜன்னலில் எண் கொஞ்சம் சரிந்து நிற்கும். சாதாரணப் படத்தில் கண்ணுக்குத் தெரியாது. முழுப்பக்கத்துக்குப் பெரிதாக்கினால் வளைந்த பல் மாதிரி உறுத்தும். அந்த நேரத்தில் அவசரப்பட்டுத் தேதியைத் திருப்பினால் பல்லே உடையவும் கூடும். "ராத்திரியில தேதியில கை வெக்காதீங்க தம்பி" என்பார் பாய்.

முள் நின்றபின் என் வேலை. வாட்ச் கண்ணாடி ஸ்டூடியோவையே விழுங்கிக் காட்டும்: விளக்கு, கேமரா, என் சட்டை பட்டன் எல்லாம். சுற்றிலும் டிரேசிங் பேப்பரால் கூடாரம் கட்டி, வெளியிலிருந்து விளக்கடித்து, லென்ஸ் நுழைய ஒரு ஓட்டை மட்டும் விடுவோம். பட்டை தீட்டிய முள் என்றால் தலைவலி. இரண்டு முள்ளும் இரண்டு திசையில் நிற்பதால் ஒன்று வெளிச்சத்தை வாங்கிப் பளிச்சென்று மின்னும், மற்றது கரிக்கட்டையாகிவிடும். கறுத்த முள்ளுக்கு நேராகச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை நகத்தளவு வெட்டி, மெழுகில் குத்தி நிறுத்துவோம். வெள்ளை டயலில் தங்க முள் வந்தால் எல்லாம் தலைகீழ். அங்கே வெளிச்சம் போதும் போதும் என்றிருக்கும். கறுப்பு அட்டையைக் காட்டி முள்ளுக்கு ஓரம் எழுப்ப வேண்டும். தூசி தனிக் கதை. பெரிய பிலிமில், ஒரு தூசி ஒரு குச்சி. ஃபேன் போடக்கூடாது. மே மாதத்தில் அந்த அறையில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இவ்வளவும் செய்து செய்தித்தாளுக்குப் போனால் வினாடி முள் காணாமல் போயிருக்கும். பிளாக் செய்து அச்சடித்த காலத்தில் செய்தித்தாளுக்கு அங்குலத்துக்கு 65 கோடு ஸ்கிரீன். ஆர்ட் பேப்பருக்கு 133, 150. பத்திரிகைக்கு உயிரோடு போன முள் செய்தித்தாளில் புள்ளிகளுக்கு நடுவே கரைந்துவிடும். அதனால் பிரிண்ட் போட்டு, ரீடச் ஆர்ட்டிஸ்ட் மூன்று முடி பிரஷ்ஷால் முள்ளைத் தடிமனாக வரைந்து கொடுப்பார். செய்தித்தாளில் நீங்கள் பார்த்த வாட்சின் முள் அநேகமாகப் பாதி போட்டோ, பாதி பெயிண்ட்.

இனி ஒரு அண்ணாச்சியின் கதை. தென்மாவட்டத்தில் பெரிய வாட்ச் கடை வைத்திருந்தவர். தீபாவளிக்கு அரைப்பக்க விளம்பரம். நடுவில் கிழமையும் தேதியும் காட்டும் ஒரு வாட்ச். படம் எடுத்து, பிரிண்ட் கொண்டுபோய்க் காட்டினோம். முள், பேர், ஒளி எல்லாம் கனகச்சிதம். கிழமை ஜன்னலில் சனி இருந்தது. அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"தம்பி, சனிக்கிழம பத்துப் பத்து என்ன நேரம்?"

எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற கணக்குப்பிள்ளை மெதுவாகச் சொன்னார், "ஒம்பது டூ பத்தர ராகு காலம் அண்ணாச்சி."

அத்தனை பேரும் சுவரில் தொங்கிய தினசரி காலண்டர் முன்னால் கூடினோம். செவ்வாய் ஒன்பதிலிருந்து பத்தரை எமகண்டம், போச்சு. வெள்ளி பத்தரைக்கு ராகு காலம் பிறக்கிறது, இருபது நிமிஷம்தான் பாக்கி. கடைக்கு வருகிறவன் வாட்சை வாங்கிக் கட்டுவதற்குள் பிடித்துக்கொள்ளும். வியாழன் அந்த நேரத்தில் குளிகை. குளிகையில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும், வியாபாரத்துக்கு நல்லதுதானே என்றார் மேனேஜர். ரிப்பேருக்கும் திரும்பத் திரும்ப வருவானே என்றார் கணக்குப்பிள்ளை. சிரிக்காமல்தான் சொன்னார். ஞாயிறு கடைக்கு லீவு. மிஞ்சியது திங்களும் புதனும். "பொன் கெடச்சாலும் புதன் கெடைக்காது" என்று அண்ணாச்சி தீர்ப்புச் சொல்லிவிட்டார். பாய் மறுபடி ரத்தன் பஜாரிலிருந்து வந்தார்.

அன்றைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. யோசித்தால் அண்ணாச்சி கேட்டது நியாயமான கேள்வி. கிழமையை எழுதிக் காட்டினால் அது ஒரு வாக்கியம். அவருடைய வாடிக்கையாளர்கள் அந்த வாக்கியத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள். பல வருஷம் கழித்து ரோலெக்ஸ் படங்களைக் கவனித்தேன். தேதி எப்போதும் 28. கிழமை காட்டும் மாடல் என்றால் திங்கள். திங்கள் ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது, எமகண்டம் பத்தரைக்கு மேல். ஜெனீவாக்காரன் அறியாமலே பாம்புப் பஞ்சாங்கம் பார்த்திருக்கிறான்.

எச்.எம்.டி. காலத்தில் விளம்பரத்துக்குப் பெரிய தேவை இருந்ததில்லை. 1961-ல் சிட்டிசனோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. வாட்ச் கிடைப்பதே பாடாக இருந்த நாட்டில் அதைப் பளபளவென்று காட்ட வேண்டிய அவசியம் யாருக்கு? 1984-ல் டாடாவும் தமிழ்நாட்டின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனை ஆரம்பித்து, ஓசூர் ஆலையிலிருந்து வாட்சுகள் வரத் தொடங்கியதும் நிலவரம் மாறியது. செர்க்செஸ் தேசாய் தலைமையில் அவர்கள் செய்தித்தாளில் போட்ட விளம்பரம் எங்களுக்கெல்லாம் பாடம். வரிசை வரிசையாக வாட்சுகள், கீழே விலை. வசனம் கொஞ்சம்தான். அந்தப் பக்கத்தைப் பார்த்தபிறகுதான் எல்லா முள்ளும் ஒரே நேரத்தில் நிற்பதன் இன்னொரு பயன் எனக்குப் புரிந்தது. ஒன்று ஒன்பதரை, ஒன்று நாலேகால் என்று இருந்தால் கண் முள்ளுக்கு முள் தாவிக்கொண்டு திரியும். எல்லாம் ஒரே கோணத்தில் நின்றால் முள் மறைந்துபோகிறது. டயலின் நிறமும் பட்டையின் வடிவமும் மட்டும் வாட்சுக்கு வாட்ச் மாறித் தெரிகின்றன. அதன் பிறகு உள்ளூர்க் கடைக்காரர்கள் எல்லாரும் "டைட்டன் மாதிரி வரிசையா" என்று கேட்டு வந்தார்கள். ஒரு பக்கத்துக்கு இருபது வாட்ச் என்றால் பாய்க்கு இருபது பின்மூடி.

டெலிவிஷனில் டைட்டனின் மோட்சார்ட் இசை வந்தபோது நாங்களும் டிவி விளம்பரம் எடுக்க ஆசைப்பட்டோம். எனக்கு ஒத்துவரவில்லை. ஓடாத வாட்சைச் சினிமாவில் காட்ட முடியாது, ஓடுகிற வாட்ச் ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு நிமிஷம் தள்ளிப்போகும், ஒவ்வொரு தடவையும் முள்ளைப் பின்னால் கொண்டுவர வேண்டும்.

பர்மா பஜாரில் எலக்ட்ரானிக் வாட்ச் குவிந்து கிடந்த காலத்தில் முள் இல்லாத வாட்சுகளும் மேஜைக்கு வந்தன. முள்ளே இல்லை, மறைக்க எதுவும் இல்லை, எந்த நேரம் வைத்தாலென்ன? ஆனால் அங்கேயும் 10:10 வைத்தார்கள், பழக்கம்தான். காசியோ மட்டும் வேறு வழி. அவர்கள் படங்களில் 10:58 50 என்றிருக்கும். எட்டும் ஐந்தும் பூஜ்யமும் வந்தால் கறுப்புப் பட்டைகள் நிறையத் தெரிந்து முகம் நிறைவாக இருக்கும் என்பது என் ஊகம். இந்த வாட்சுகளில் வேறு ஒரு வேடிக்கை உண்டு. கண்ணாடியின் பளபளப்பைக் கொல்ல லென்ஸில் போலரைசர் மாட்டித் திருப்பினால், பளபளப்பு போகும். ஒரு கோணத்தில் திரை முழுக்கக் கறுத்து எண்ணும் போய்விடும். திரைக்குள்ளேயே ஒரு போலரைசர் இருக்கிறது, இரண்டும் குறுக்கே நின்றால் வெளிச்சத்துக்கு வழியில்லை. பளபளப்பு பாதி, எண் பாதி என்று சமரசம் செய்துகொள்வோம்.

2000-க்குப் பிறகு பிலிம் போய் டிஜிட்டல் வந்தது. கம்ப்யூட்டரில் முள்ளுக்கு ஒரு படம், டயலுக்கு ஒரு படம், கேஸுக்கு ஒரு படம் என்று தனித்தனியாக எடுத்து ஒட்டலாம். வெள்ளித்தாளுக்கு வேலை போயிற்று. பிறகு வாட்சையே அனுப்பாமல் வடிவமைப்புக் கோப்பை மட்டும் அனுப்பினார்கள். ஆலையில் முதல் வாட்ச் வெளிவருவதற்கு முன்பே விளம்பரப் படம் தயார். அதில் முள்ளின் நேரம் ஒரு கட்டத்தில் தட்டச்சுச் செய்கிற எண். பாய் அதற்குள் கடையை மகனிடம் விட்டுவிட்டார். மகன் செல்போன் ரிப்பேர் பார்க்கிறார். செல்போனுக்கும் ஒரு நேரம் உண்டு: ஐபோன் படங்களில் 9:41. மேடையில் அறிமுகம் காலை ஒன்பதுக்குத் தொடங்கும், நாற்பது நிமிஷம் வாக்கில் போன் திரையில் தோன்றும், அப்போது அரங்கத்தில் இருப்பவர் கையில் என்ன மணியோ அதுவே படத்திலும் இருக்க வேண்டும் என்று வைத்தது. 2007-ல் முதல் போனில் 9:42. பிறகு ஒரு நிமிஷம் முன்னால் வந்தது. வாட்ச் உலகத்தில் நேரத்தை நேரத்துக்காகவே வைத்த கம்பெனியை நான் பார்த்ததில்லை, போன்காரன் வைத்தான். அதே கம்பெனி வாட்ச் செய்தபோது மட்டும் 10:09.

போன மார்கழிக்கு முன்னால் ஒரு கடைக்காரரின் மகன் கூப்பிட்டார். இசை விழாவுக்கு ஒரு விளம்பரம்: சபா டிக்கெட், மல்லிகைச் சரம், அருகில் வாட்ச், மணி ஆறு, கச்சேரி தொடங்கும் நேரம். படத்தை ஏஐயிடம் கேட்டிருக்கிறார்கள். டிக்கெட் அருமை, மல்லிகை அருமை, வாட்சில் பத்துப் பத்து. ஆறு மணி என்று எழுத்தில் போட்டார்கள், எண்ணில் போட்டார்கள், முள் இரண்டும் நேர்கோட்டில் என்று விளக்கியும் சொன்னார்கள். திரும்பத் திரும்பப் பத்துப் பத்து. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உலகத்தில் இருக்கும் வாட்ச் படங்களையெல்லாம் படித்து வளர்ந்த பிள்ளை அது. அந்தப் படங்களையெல்லாம் பத்துப் பத்தில் எடுத்து வைத்தது நாங்கள்தானே.

நிஜ வாட்சைக் கொண்டுவரச் சொல்லி ஆறில் வைத்து எடுத்தேன். பார்த்த மாத்திரத்தில் பையன் முகம் சுருங்கிவிட்டது. பெரிய முள் பன்னிரண்டில் ஏறி, கம்பெனிப் பேரின் நடு எழுத்தைச் சரியாக மறைத்திருந்தது. ஆறு ஐந்து வைக்கலாமா என்றால், கச்சேரிக்குத் தாமதமாக வருகிறவனுக்கு விளம்பரமா என்கிறார். கடைசியில் ஐந்து ஐம்பதில் நிறுத்தினோம். சின்ன முள் ஆறை ஒட்டி, பெரிய முள் பத்தில், பேர் முழுசாக.

"பரவாயில்லையா சார்?" என்று கேட்டேன்.

"பத்து நிமிஷம் இருக்கே சார், கேன்டீன்ல ஒரு காபி குடிச்சிட்டுப் போலாம்" என்றார்.